கியர்ப் பெட்டி மாற்றமும் எஞ்சின் கம்ப்யூட்டரின் பழுதுக் குறிகளும்

மோட்டார் வண்டியில் ஓட்டுநரின் கண்ணெதிரே, வேகமானிக்கு அருகில், எஞ்சினின் உருவம் வரைந்த சிறு மஞ்சள் விளக்கு அமைந்திருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அது எரியும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிடும். அவ்வாறு அணையாமல் ஓட்டத்தின்போதும் எரிந்துகொண்டிருந்தால், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டர் யாதோ குறை கண்டு, அதனைத் தன் நினைவில் பதிந்து வைத்துள்ளது என்று கொள்ளவேண்டும். அப்பதிவே பழுதுக் குறியெண் எனப்படுகிறது.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், தானியங்கிக் கியர்ப் பெட்டி பொருத்தி விற்கப்பட்ட வண்டியிலிருந்து அதனை நீக்கி, கிளட்சும் கைக் கியர்ப் பெட்டியும் பொருத்திக்கொள்ளும் வழக்கம் உண்டு. தானியங்கிப் பெட்டி பழுதானால் அதனைப் புதுப்பிக்கப் பெருஞ்செலவு ஆவதும், கையினால் கியர் மாற்றி ஓட்டுவதில் சிலருக்குள்ள விருப்பமும் இதற்குக் காரணங்கள். யந்திர வேலை யாவும் ஒழுங்காக முடிந்து, வண்டியும் செவ்வனே ஓடத் தொடங்குகிறது. ஆயினும் மஞ்சள் விளக்கு அணைவதில்லை. குறியெண்களை அழித்தால் சிறிது நேரத்தில் அவை மீண்டும் தோன்றுகின்றன. இதன் காரணம் யாது, இதற்குத் தக்க பரிகாரம் யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. வண்டிகளைச் சோதிக்கும் களப் பணியாளருக்கும், மோட்டார் யந்திரக் கல்வி புகட்டும் ஆசிரியருக்கும் இதில் அடங்கிய உண்மை பயன்படக் கூடியது. ஏனெனில் குறியை அழிப்பது வேறு, குறையைத் தீர்ப்பது வேறு என்னும் பாடத்தை இதைவிடத் தெளிவாக விளக்கும் உதாரணம் அரிது.

விளக்கு தோன்றிய காரணம்

இவ்விளக்கு ஓட்டுநரின் வசதியை முன்னிட்டு மட்டும் தோன்றியதன்று. நகரங்களின் காற்றை மாசுபடுத்தும் எஞ்சின் புகையைக் கட்டுப்படுத்துவதே இதன் முதல் நோக்கம். புகையைச் சுத்தம் செய்யும் சாதனங்களைப் புது வண்டியில் பொருத்தினால் மட்டும் போதாது. ஆண்டுகள் பல சென்ற பின்னும் அவை சரிவர வேலை செய்கின்றனவா என்று கண்காணிக்கவும் வேண்டும். இக்கருத்தைப் பின்பற்றி, கலிபோர்னியா ராஜ்யம் 1988-ஆம் ஆண்டு மாடல் முதல், வண்டியே தன்னைச் சோதித்துக் குறை கூறும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கிற்று. இதனினும் விரிவான இரண்டாவது முறை 1996-ஆம் ஆண்டு மாடல் முதல் அமெரிக்க ஐக்கிய நாடுகள் முழுவதிலும் விற்கப்படும் கார்களுக்கும் இலகு லாரிகளுக்கும் கட்டாயமாயிற்று. இதனை ஓ.பி.டி. இரண்டு என்று சுருக்கமாகக் கூறுவர்.

இம்முறை வந்ததன் பயனாக, உற்பத்தியாளர் யாராயினும், ஓட்டுநர் ஆசனத்தின் அருகே 16 முனைகள் கொண்ட ஒரே வகை இணைப்பு அமையலாயிற்று. ஸ்கேனர் எனப்படும் கருவியை அதில் செருகினால், கம்ப்யூட்டரில் பதிவாகியுள்ள குறியெண்களைப் படிக்கலாம், அழிக்கவும் செய்யலாம்.

குறியெண்ணைப் படிக்கும் முறை

குறியெண் ஓர் எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் பற்றிய குறைகள் ‘பி’ என்னும் எழுத்தில் தொடங்குகின்றன. கம்ப்யூட்டர்கள் தமக்குள் செய்துகொள்ளும் செய்திப் போக்குவரத்தில் நேரும் தடங்கல்கள் ‘யு’ என்னும் எழுத்தில் தொடங்குகின்றன. வண்டியின் உடற்கூட்டுக்கும், பிரேக் முதலிய அடிப்பகுதி உறுப்புகளுக்கும் வேறு எழுத்துக்கள் உண்டு. எழுத்தை அடுத்த முதல் இலக்கம் பூஜ்யமானால், அக்குறியெண் எல்லா உற்பத்தியாளருக்கும் பொதுவானது. ஒன்று ஆனால் பெரும்பாலும் அந்த உற்பத்தியாளருக்கே உரியது. இரண்டாவது இலக்கம் எப்பகுதியில் குறை என்பதைக் காட்டும். அவ்விலக்கம் 7 ஆக இருந்தால் கியர்ப் பெட்டியைச் சேர்ந்த குறை என்று அறியலாம்.

கியர்ப் பெட்டி மாற்றத்துக்குப் பின் காணப்படும் குறியெண்கள் பலவும் இந்த ஏழாம் வரிசையைச் சேர்ந்தவையே. பி 0700 என்பது, கியர்ப் பெட்டியின் ஆட்சிப் பகுதியில் குறை உள்ளது, விளக்கை ஏற்றுக என்னும் பொதுக் கோரிக்கை. பி 0705 என்பது, கியர் நெம்புகோல் எந்நிலையில் உள்ளது என்று கூறும் சென்சாரின் மின்சுற்றுக் குறை. பி 0715, பி 0720 என்பவை பெட்டியினுள் புகும் தண்டு, வெளிவரும் தண்டு ஆகியவற்றின் வேகத்தை அளக்கும் சென்சார்களைக் குறிப்பன. பி 0740 டார்க் கன்வர்ட்டரின் பூட்டுக் கிளட்சையும், பி 0750 கியர் மாற்றும் சோலனாய்டு ஒன்றையும் குறிக்கும். யு 0101 என்பது, கியர்ப் பெட்டியின் கம்ப்யூட்டரிடமிருந்து செய்தி வருவது நின்றுவிட்டது என்று பொருள்படும்.

கம்ப்யூட்டர் குறை காணும் விதம்

தானியங்கிக் கியர்ப் பெட்டியில் எண்ணெய் அழுத்தமே கியர்களை மாற்றுகிறது. அவ்வெண்ணெயை உரிய வழியில் திருப்பிவிடும் வால்வுகளைச் சோலனாய்டு என்னும் மின்காந்தச் சுருள்கள் இயக்குகின்றன. கம்ப்யூட்டர் ஒவ்வொரு சுருளுக்கும் மின்சாரம் அனுப்புவதோடு, அச்சுற்று முழுமையாக உள்ளதா, எங்கேனும் அறுந்துள்ளதா என்றும் இடைவிடாது பார்த்துக்கொள்கிறது. சென்சார்களிடமிருந்து வரும் மின்னழுத்தத்தையும் அவ்வாறே சோதிக்கிறது. அளவு எதிர்பார்த்த எல்லைக்குள் இல்லாவிடில் அது குறையாகப் பதிவாகிறது.

பெட்டியைக் கழற்றியதும் இச்சுருள்களும் சென்சார்களும் அதனுடனேயே போய்விடுகின்றன. கம்பிகளின் முனைகள் மட்டுமே எஞ்சுகின்றன. பெட்டி வேண்டுமென்றே நீக்கப்பட்டதா, அல்லது சுருள் யாவும் ஒருங்கே அறுந்தனவா என்பதைக் கம்ப்யூட்டர் தானாக அறிய வழியில்லை. தானியங்கிப் பெட்டி உண்டு என்று அதன் நிரலில் எழுதப்பட்டுள்ளது. அந்நிரலின்படி அது நேர்மையாகவே குறை கூறுகிறது. குறியெண் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுவே. கம்ப்யூட்டர் கெட்டுப்போகவில்லை, வண்டியில் உள்ள பொருளும் நிரலில் உள்ள எழுத்தும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன.

இருவகை அமைப்புகள்

கம்ப்யூட்டர் அமைந்துள்ள விதத்தில் வண்டிகள் இருவகைப்படும். முதல் வகையில் எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் ஒரே கம்ப்யூட்டர் ஆளுகிறது. 1998 முதல் 2002 வரையுள்ள மாடல்களில் எட்டு சிலிண்டர் எஞ்சினுடன் விற்கப்பட்ட ஷெவர்லே கமாரோ, பான்டியாக் பயர்பேர்டு என்னும் கார்கள் இதற்கு உதாரணம். 5.7 லிட்டர் கொள்ளளவுள்ள அதே எஞ்சினுடன் நான்கு கியர் கொண்ட தானியங்கிப் பெட்டியோ, ஆறு கியர் கொண்ட கைக் கியர்ப் பெட்டியோ வாங்குபவரின் விருப்பப்படி கிடைத்தது. இத்தகைய வண்டியில், கைக் கியருக்கென உற்பத்தியாளர் எழுதிய நிரலைக் கம்ப்யூட்டரில் பதிப்பதே முறையான பரிகாரம்.

இரண்டாவது வகையில் எஞ்சினுக்கு ஒரு கம்ப்யூட்டரும் கியர்ப் பெட்டிக்கு வேறொரு கம்ப்யூட்டரும் உண்டு. இரண்டும் இரு கம்பிகளின் வழியே விநாடிக்குப் பல தடவை செய்தி பரிமாறிக்கொள்கின்றன. ஜெர்மனியின் போஷ் நிறுவனம் 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட கான் என்னும் செய்தி முறையே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. அமெரிக்காவில் 2008-ஆம் ஆண்டு மாடல் முதல் ஸ்கேனருடன் பேசுவதற்கும் இம்முறையே கட்டாயமாக்கப்பட்டது. பெட்டியுடன் அதன் கம்ப்யூட்டரையும் நீக்கிவிட்டால் செய்தி வருவது நிற்கிறது. எஞ்சின் கம்ப்யூட்டர் யு 0101 என்னும் குறியெண்ணைப் பதிகிறது. பெட்டியை மட்டும் நீக்கி, அதன் கம்ப்யூட்டரை விட்டுவைத்தாலோ, அது தன் சுருள்களைக் காணாமல் ஏழாம் வரிசைக் குறியெண்களைப் பதிந்து, பி 0700 என்னும் கோரிக்கையை எஞ்சின் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. எனவே இவ்வகையில் கியர்ப் பெட்டிக் கம்ப்யூட்டரை நீக்குவதும், எஞ்சின் கம்ப்யூட்டரைக் கைக் கியர் வண்டிக்கு உரியதாக மாற்றிப் பதிப்பதும் ஆகிய இரண்டும் தேவைப்படுகின்றன.

நிரல் மாறாவிடில் தீங்கு விளக்கோடு நிற்பதில்லை. தானியங்கிப் பெட்டி கியர் மாற்றும் கணத்தில், அதிர்ச்சி நேராதபடி எஞ்சினின் முறுக்கு விசையைக் கம்ப்யூட்டர் சிறிது குறைக்கிறது. நெம்புகோல் ஓட்ட நிலையில் இருக்கும்போது சுமையைக் கணக்கிட்டு, நின்ற நிலையில் எஞ்சின் சுழல வேண்டிய வேகத்தையும் அதற்கேற்ப வைத்துக்கொள்கிறது. கியர்ப் பெட்டியிடமிருந்து செய்தி கிடைக்காவிடில், சில வண்டிகளில் எஞ்சினின் சக்தியையே பாதுகாப்பின் பொருட்டுக் கட்டுப்படுத்திவிடுகிறது. கைக் கியர் வண்டிக்கு இவை ஒன்றும் பொருந்தா.

அழித்தல் என்றால் என்ன?

குறியெண் மறைவதற்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது, ஸ்கேனரின் மூலம் அழிக்கக் கட்டளையிடுவது. இரண்டாவது, பாட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. பழைய வண்டிகள் பலவற்றில் இது பலித்தது. மூன்றாவது, குறை நீங்கிய பின் கம்ப்யூட்டரே மறந்துவிடுவது. குறை தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் காணப்படாவிடில் விளக்கு தானாகவே அணைகிறது. பின்னர் எஞ்சின் 40 தடவை குளிர்ந்து சூடாகும் வரையில் அக்குறை மீண்டும் தோன்றாவிடில் குறியெண்ணும் பொதுவாக நினைவிலிருந்து நீங்குகிறது.

ஸ்கேனர் கொண்டு அழிக்கும்போது குறியெண் மட்டும் நீங்குவதில்லை என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. குறை நிகழ்ந்த கணத்தில் எஞ்சினின் வேகம், சூடு, சுமை முதலியவை எவ்வளவு இருந்தன என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்த பதிவும் உடன் அழிந்துபோகிறது. கிரியா ஊக்கிக் கலம், பிராணவாயு சென்சார், பெட்ரோல் ஆவியைத் தடுக்கும் அமைப்பு முதலியவற்றைக் கம்ப்யூட்டர் தானே சோதித்து முடித்ததற்கான அடையாளங்களும் நீங்கி, எல்லாச் சோதனைகளும் முதலிலிருந்து தொடங்குகின்றன. ஆகவே படித்துக் குறித்துக்கொள்ளாமல் அழிப்பது, நோயாளியின் குறிப்பேட்டைப் படியாமலே கிழித்தெறிவதற்கு ஒப்பாகும்.

குறியை அழித்துவிட்டு உடனே சோதனைக்கு வரும் தந்திரத்தைத் தடுப்பதற்காக, அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டு மாடல் தொடங்கிப் படிப்படியாக நிலைத்த குறியெண் என்னும் ஏற்பாடு வந்தது. விளக்கை ஏற்றிய குறியெண் தனி இடத்திலும் பதிவாகிறது. ஸ்கேனரோ பாட்டரியைக் கழற்றுவதோ அதனை நீக்க முடியாது. உரிய சோதனையை மீண்டும் நடத்தி, குறையில்லை என்று கம்ப்யூட்டரே தெளிந்த பின்னரே அது நீங்கும்.

வேலையின் வரிசை

இவற்றையெல்லாம் கருதினால், கியர்ப் பெட்டி மாற்றத்துக்குப் பின் குறியெண்களைக் கையாள வேண்டிய வரிசை தெளிவாகும்.

முதலாவதாக, மாற்றம் தொடங்குமுன்பே வண்டியிலுள்ள குறியெண்களைப் படித்து எழுதிக்கொள்ள வேண்டும். பழைய குறைகளைப் புதியவற்றிலிருந்து பிரித்தறிய இது ஒன்றே வழி.

இரண்டாவதாக, மாற்றம் முடிந்த பின் மறுபடியும் படித்து, குறியெண்களை மூன்று கூறாகப் பிரிக்க வேண்டும். நீக்கப்பட்ட உறுப்புகளைப் பற்றியவை ஒரு கூறு. வேலையின்போது நேர்ந்த பிழைகளைக் காட்டுபவை இரண்டாவது கூறு. கியர்ப் பெட்டியை இறக்கப் புகைக் குழாயைக் கழற்றுகையில் பிராணவாயு சென்சாரின் இணைப்பு விடுபட்டுப் போவது இதற்கு உதாரணம். மாற்றத்துக்கு முன்பே இருந்தவை மூன்றாவது கூறு. முதற் கூறு மட்டுமே நிரல் மாற்றத்தால் தீரும். மற்ற இரண்டையும் கையால் பழுது பார்த்தே தீர்க்க வேண்டும்.

மூன்றாவதாக, மின்சுற்றுகளைச் சீர்படுத்த வேண்டும். தானியங்கி வண்டியில் நெம்புகோல் நிறுத்த நிலையிலோ நடுநிலையிலோ இருந்தால் மட்டுமே ஸ்டார்ட்டர் சுழலும். பெட்டியை நீக்கியதும் அச்சுற்று அறுபடுகிறது; வண்டியைக் கிளப்ப முடிவதில்லை. சிலர் இரு கம்பிகளையும் நேரே முறுக்கி இணைத்துவிடுகின்றனர். அவ்வாறு செய்தால், கியரில் நிற்கும் வண்டியின் சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் வண்டி முன்னோ பின்னோ பாய்ந்துவிடும். எதிரே நிற்பவரின் உயிருக்கே இது ஆபத்து. கிளட்ச் மிதியை அழுத்தினாலன்றி ஸ்டார்ட்டர் சுழலாதபடி, மிதியில் ஒரு ஸ்விட்சைப் பொருத்தி அதன் வழியே சுற்றை முடிப்பதே முறை. பின்னோக்கிச் செல்லும்போது எரிய வேண்டிய விளக்கையும் புதிய பெட்டியின் ஸ்விட்சுடன் இணைக்க வேண்டும்.

நான்காவதாக, வண்டியின் வேகத்தை உணர்த்தும் சமிக்ஞையைச் சரிபார்க்க வேண்டும். மேலே கூறிய கமாரோ காரின் தானியங்கிப் பெட்டி, வெளித் தண்டின் ஒரு சுற்றுக்கு 40 மின்துடிப்புகள் அனுப்பும். அதன் கைக் கியர்ப் பெட்டியோ ஒரு சுற்றுக்கு 17 துடிப்புகளே அனுப்பும். நிரலில் 40 என்ற எண் மாறாமலிருந்தால், வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது கம்ப்யூட்டர் அதனை 100 × 17 ÷ 40, அதாவது 42.5 கிலோமீட்டர் என்றே கணக்கிடும். துடிப்பு வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆதலால் சுற்றில் குறை இல்லை. குறியெண்ணும் தோன்றாமல் போகலாம். ஆயினும் வேகமானி பொய் கூறும். தூரமானியும் குறைத்துக் காட்டும். குறியெண் இல்லை என்பதனாலேயே குறை இல்லை என்று முடிவு செய்யலாகாது என்பதற்கு இது சான்று.

ஐந்தாவதாக, கைக் கியருக்கு உரிய நிரலைப் பதிக்க வேண்டும். அன்றேல் கைக் கியர் வண்டிக்கென உற்பத்தியாளர் தயாரித்த கம்ப்யூட்டரைப் பொருத்த வேண்டும். கம்ப்யூட்டரை மாற்றினால் வேறு சில காரியங்களும் தொடரும். திருட்டுத் தடுப்புக்காகச் சாவியைப் புதிய கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்த வேண்டி வரலாம். சிலிண்டரில் எரிதல் தவறுகிறதா என்பதைக் கிராங்க் தண்டின் சுழற்சியில் தோன்றும் மிகச் சிறிய தடுமாற்றத்தைக் கொண்டே கம்ப்யூட்டர் அறிகிறது. ஆதலின் அத்தண்டுக்கு இயல்பாகவே உள்ள வேறுபாடுகளை அது முதலில் கற்றுக்கொள்ள வேண்டும். கற்காத நிலையில் பி 0315 என்னும் குறியெண் தோன்றுவதுண்டு. உற்பத்தியாளர் கூறியுள்ள முறைப்படி எஞ்சினை ஓட்டி இதனைக் கற்பிக்க வேண்டும்.

இவையாவும் முடிந்த பின்னரே, ஆறாவதாக, குறியெண்களை அழிக்க வேண்டும். அதன் பின் சில நாட்கள் வண்டியை ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் வழக்கம்போல் ஓட்டி, குறியெண் எதுவும் திரும்பவில்லை என்பதையும், கம்ப்யூட்டர் தன் சோதனைகளை முடித்துவிட்டது என்பதையும் ஸ்கேனரில் உறுதி செய்துகொள்ள வேண்டும். பெட்ரோல் ஆவிச் சோதனை, பொதுவாகத் தொட்டி நிறைந்தோ காலியாகவோ இல்லாமல் இடைப்பட்ட அளவில் உள்ளபோதும், எஞ்சின் இரவு முழுவதும் குளிர்ந்திருந்த பின்னும் மட்டுமே நடைபெறுமாகையால், அது எல்லாவற்றிலும் கடைசியாக முடிவது இயல்பு.

பொய் வழிகள்

குறுக்கு வழிகளும் வழக்கில் உள்ளன. சோலனாய்டுகளுக்குப் பதிலாக அதே அளவு மின்தடைகளைக் கம்பி முனைகளில் இணைத்து, சுருள் இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பச் செய்வது அவற்றுள் ஒன்று. இதனால் சுற்றுக் குறைகள் மறையலாம். ஆயினும் உள்தண்டின் வேகத்துக்கும் வெளித்தண்டின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தைக் கம்ப்யூட்டர் ஒப்பிடும்போது பொய் வெளிப்பட்டுவிடும். மேலும், 20 ஓம் மின்தடைக்கு 12 வோல்ட் மின்னழுத்தம் இடைவிடாது கொடுத்தால் 12 × 12 ÷ 20, அதாவது 7.2 வாட் சக்தி வெப்பமாக வெளிப்படும். வானொலிப் பெட்டிகளில் பயன்படும் கால் வாட் மின்தடை இதில் கருகிவிடும்; அருகிலுள்ள கம்பிகளின் உறையும் உருகலாம்.

நிரலில் கியர்ப் பெட்டியின் வகையை மாற்றாமல், குறியெண்களை மட்டும் வாய் மூடச் செய்வது மற்றொரு வழி. நோயை விட்டுவிட்டு நோயாளியின் முனகலை அடக்குவது போன்றது இது. விளக்கின் பல்பையே எடுத்துவிடுவது எல்லாவற்றிலும் கீழானது. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிகிறதா என்று சோதனையாளர் முதலில் பார்ப்பது இதனைக் கண்டுபிடிப்பதற்கே.

விளக்கு எரிந்தபடியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவதும் தீங்கானது. அவ்வாறு பழகிப்போன ஓட்டுநர், பின்னொரு நாள் மெய்யான பழுது நேரும்போது அதனை அறியமாட்டார். சிலிண்டரில் எரிதல் தவறினால், எரியாத பெட்ரோல் கிரியா ஊக்கிக் கலத்தினுள் சென்று எரிந்து, அதனை மிகையாகச் சூடாக்கிப் பாழ்படுத்தும். அக்கலத்தில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் அடங்கியுள்ளன. அது பாழானபின் கார்பன் மானாக்ஸைடு முதலிய நச்சுப் பொருள்கள் சுத்தமாகாமலே தெருவில் கலக்கின்றன.

சோதனைச் சாலையில்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பல பகுதிகளில் வண்டிகளைக் குறித்த காலந்தோறும் புகைச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும். விளக்கு எரிந்தால் வண்டி தேறாது. விளக்கு அணைந்திருந்தாலும், கம்ப்யூட்டரின் சொந்தச் சோதனைகள் முடியாதிருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்புவர். மத்தியச் சுற்றுச்சூழல் நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, 1996 முதல் 2000 வரையுள்ள மாடல்களில் இரண்டு சோதனைகளும், 2001 முதல் உள்ள மாடல்களில் ஒரு சோதனையும் முடியாதிருக்கலாம். முந்திய இரவு குறியை அழித்துவிட்டு மறுநாட் காலையில் வருபவர் இதனால் ஏமாற்றமடைகின்றனர்.

கலிபோர்னியா ராஜ்யத்தில் விதி இன்னும் கடுமையானது. 2021 ஜூலை 19 முதல், கம்ப்யூட்டரின் நிரல் உற்பத்தியாளர் அளித்ததோ, அல்லது அந்த ராஜ்யத்தின் காற்று வள வாரியம் அனுமதித்ததோ அல்லவெனில் வண்டி தேறுவதில்லை. நிரலுக்கென உள்ள அடையாள எண்ணைச் சோதனைக் கருவி தானே படித்து ஒப்பிடுகிறது. ஆகவே தாமாகத் திருத்திய நிரலைவிட, அதே மாடலின் கைக் கியர் வண்டிக்கு உற்பத்தியாளர் எழுதிய நிரலே நம்பத்தக்கது. உற்பத்தியாளர் கைக் கியருடன் ஒருபோதும் விற்காத மாடலில் இம்மாற்றத்தைச் செய்பவர், உரிய நிரலே கிடையாத இடர்ப்பாட்டை முன்கூட்டியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில்

நம் நாட்டில் வண்டியே தன்னைச் சோதிக்கும் முறை, பாரத் நான்காம் நிலை விதிகளின் கீழ் 2010 ஏப்ரல் முதல் கார்களுக்கு வந்தது. 2013 ஏப்ரல் முதல் அது மேலும் விரிவடைந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஆறாம் நிலை விதிகள் நாடெங்கும் அமுலுக்கு வந்துள்ளன. எனவே அமெரிக்க வண்டிகளில் காணப்படும் இதே முறையை இங்குள்ள வண்டிகளிலும் களப் பணியாளர் காண்கின்றனர். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறிப்பிட்டவற்றுக்கு மாறுபடும் வண்ணம் வண்டியை உரிமையாளர் மாற்றலாகாது. ஆதலால் எவ்வகை மாற்றத்திலும் இறங்குமுன் பதிவு அதிகாரியைக் கலந்துகொள்வது முறையாகும்.

வகுப்பறையில் ஓர் எளிய செய்முறை

இப்பாடத்தைக் கற்பிக்கக் கியர்ப் பெட்டியைக் கழற்ற வேண்டுவதில்லை. பயிற்சிக்குரிய பெட்ரோல் எஞ்சின் ஒன்றும் சாதாரண ஸ்கேனர் ஒன்றும் இருந்தால் போதும். உட்புகும் காற்றின் சூட்டை அளக்கும் சென்சாருக்குத் தனி இணைப்புள்ள எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எஞ்சினை நிறுத்தி, அச்சென்சாரின் இணைப்பைக் கழற்றிச் சாவியை மட்டும் திருப்பினால், ஸ்கேனர் காற்றின் சூட்டைச் சுழிக்குக் கீழ் சுமார் 40 டிகிரி என்று காட்டும். இச்சென்சாரின் மின்தடை குளிரக் குளிர அதிகரிப்பது. அறுந்த சுற்று மிகப் பெரிய மின்தடைக்கு ஒப்பானது. எனவே கம்ப்யூட்டர் அதனைக் கடுங்குளிர் என்று கொள்கிறது. விரைவில் பி 0113 என்னும் குறியெண் பதிவாகும்.

இணைப்பை மாட்டாமலே குறியெண்ணை அழிக்குமாறு மாணவரிடம் கூறலாம். அது மீண்டும் தோன்றும். பின்னர் இணைப்பை மாட்டச் செய்து, சூடு சரியாகக் காட்டப்படுவதையும், பழைய குறியெண் இன்னும் பதிவில் நிற்பதையும் கவனிக்கச் செய்ய வேண்டும். இறுதியாக அழித்தால் அது திரும்புவதில்லை. அவ்வேளையில் கம்ப்யூட்டரின் மற்றச் சோதனைகள் முடியாதவையாகக் காட்டப்படுவதையும் சுட்டிக்காட்டலாம். குறை இருக்கும்போது அழித்தால் குறி திரும்புகிறது. குறை நீங்கிய பின் அழித்தால் திரும்புவதில்லை. இரண்டு வகையிலும் பழைய பதிவுகள் இழக்கப்படுகின்றன. இம்மூன்று உண்மைகளையும் மாணவர் கண்ணாரக் கண்டு உணர்வர்.

கியர்ப் பெட்டி மாற்றிய வண்டிக்கும் நியதி இதுவே. உறுப்புகளைச் சீராகப் பொருத்தி, மின்சுற்றுகளை முறைப்படி முடித்து, வண்டியில் உண்மையாக உள்ளது எதுவோ அதனையே கம்ப்யூட்டரின் நிரலிலும் எழுதிவிட்டால், விளக்கு அணைந்தே நிற்கும். மறுமுறை அது எரியுமானால், அப்பொழுது அதன் சொல்லை நம்பி வண்டியை நிறுத்திப் பார்க்கலாம்.